ஊரோடு பழகியவரின் ஜீவிய சரித்திரம்: எழுத, வாசிக்க, அச்சிட ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளுக்குப் போய் வந்தவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஜீவிய சரித்திரம் என்று அங்கே வாசிக்கப்படும் அந்த வாசகம் மனப்பாடம். "இன்னார் இன்ன ஊரில் இன்னாருக்கு மூன்றாவது மகளாகப் பிறந்து, சிறுவயது முதல் தேவபக்தியில் வளர்க்கப்பட்டு, அன்பும் பண்பும் நிறைந்தவராய், யாவரிடமும் இனிமையாகப் பழகி..." பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்கும் ஓடும். பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்களின் மனசில் ஓடுவது வேறு. முதல் மணி அடித்ததும் குடையை விரித்துக் கிளம்பி, வழியில் நாலு திண்ணையில் நின்று பேசி, இரண்டாம் மணி அடித்த பிறகும் கோயில் வாசலை எட்டாத அத்தை அவர்கள் கண்ணில் நிற்பார். காகிதத்தில் அந்த அத்தை இருக்கமாட்டார்.

இந்தக் குறிப்புகள் அப்படிப்பட்ட ஓர் அத்தையை மனசில் வைத்து எழுதியவை. உங்கள் வீட்டில் அது பெரியப்பாவாகவோ ஆச்சியாகவோ இருக்கலாம், முறை ஒன்றுதான். அடக்கமாக வீட்டோடு இருந்தவரின் சரித்திரத்தை அவருடைய பீரோவையும் டைரியையும் வைத்து எழுதிவிடலாம். ஊரோடு பழகியவருடையது அவர் வீட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதியெல்லாம் அடுத்த வீட்டு அடுப்படியிலும், மீன்காரம்மா வாயிலும், பாடகர் குழுவின் பின்வரிசையிலும் சிதறிக் கிடக்கும். அதனால் இதில் எழுதுகிற வேலை கால்பங்கு, நடக்கிற வேலை முக்கால்பங்கு.

வேதத்திலேயே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் பேதுருவின் முன்னால் அவளைப் புகழ்ந்து பிரசங்கம் பண்ணவில்லை. அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

இறந்த அன்று ராத்திரி: ஒரு பக்கம் மட்டும்

சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலைப் பெட்டியில் வைத்திருக்கும் அந்த ஒரு ராத்திரியில் முழுச் சரித்திரம் எழுத உட்காராதீர்கள். அப்போது தேவைப்படுவது ஆராதனையில் வாசிக்க ஒரு ஜீவிய குறிப்பு. சுமார் 400 வார்த்தை போதும், நிதானமாக வாசித்தால் நாலரை நிமிஷம். 600 வார்த்தையைத் தாண்டினால் வெளியே பந்தலில் பேச்சுச் சத்தம் கிளம்பிவிடும்.

எழுதுகிறவர் மகனோ மகளோ ஆகவேண்டாம். கை நடுங்கும், பாதியில் கூப்பிடுவார்கள். மருமகளோ, கொழுந்தன் பிள்ளையோ, கணக்கு வழக்கு பார்த்துப் பழகிய ஒருவரோ எழுதட்டும். முதலில் வெறும் விவரங்களை ஒரு தாளில் வரிசையாக வாங்கிக்கொள்ளுங்கள்: இனிஷியலோடு முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பெற்றோர், பிறந்த ஊர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), படிப்பு, வேலை, திருமணம், சபையில் செய்த பணிகள், பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகள், கடைசி நோய், இறந்த நாள், நேரம்.

தப்பு நடப்பது எப்போதும் குடும்பப் பட்டியலில்தான். சின்ன வயதில் இறந்துபோன பிள்ளையை விட்டுவிடுவார்கள், அந்தத் தாய் அதை மறந்திருக்கவே மாட்டார். வெளியூரில் வேறு சபையில் கல்யாணம் பண்ணிய மகளின் பெயர் வரும், மருமகன் பெயர் வராது. எழுதி முடித்ததும் பட்டியலை மட்டும், பெரிய மகளையும் கடைசி மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். இரண்டு பேரும் தலையாட்டினால் போதும், சண்டை வராது.

அச்செடுக்க வசதி இருந்தால் 16 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு எடுங்கள். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று சேகர (சில சபைகள் சேர்ந்த தொகுதி) குருவானவருக்கு, ஒன்று வாசிப்பவருக்கு, ஒன்று உங்கள் சட்டைப்பைக்கு. செல்போனில் பார்த்து வாசிக்க விடாதீர்கள். பாதி வாசிக்கும்போது துக்கம் விசாரிக்க யாராவது கூப்பிடுவார்கள், திரை மாறிவிடும்.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", "பரம அழைப்பைப் பெற்றார்" என்பவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, போஸ்டரிலும் குறிப்பிலும் கல்லிலும் அதையே வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் "இறைவனில் இளைப்பாறினார்" என்பது வழக்கம். பிளெக்ஸ் கடைக்காரரிடம் எழுத்தையும் படத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் அவர் கணினியில் இருக்கிற பழைய வார்ப்பை எடுத்தால், வேறு யாரோ வீட்டு வாசகத்துக்கு நடுவில் அத்தை சிரித்துக்கொண்டிருப்பார்.

செல்போனில் உள்ளதை யாரும் அழிக்காமல் பாருங்கள்

மற்ற வேலைக்கெல்லாம் அவகாசம் உண்டு, இதற்குக் கிடையாது. கலகலப்பான மனுஷியின் குரல் இன்றைக்கு இருப்பது வாட்ஸ்அப் குரல் பதிவுகளில். "ஏ மக்கா, நாளைக்கு கன்வென்ஷனுக்கு வாரியளா, வண்டில ஒரு எடம் இருக்கு" என்று அவர் அனுப்பிய பதினெட்டு விநாடிக்கு விலையே சொல்ல முடியாது. துக்கம் முடிந்த வாரத்திலேயே அந்தப் போனை அழித்துப் பேரனிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற விபத்து. 90 நாள் பயன்படுத்தாத சிம்மின் இணைப்பு துண்டிக்கப்படலாம். 120 நாள் தொடாத வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக நீக்கப்படும். அதற்கு முன்னால் முக்கியமான உரையாடல்களைத் திறந்து 'ஏற்றுமதி' கொடுத்து, ஒலியோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். அவர் யாருக்கு அனுப்பினாரோ அவர்களிடமும் பதிவுகள் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொன்று வெளியூரிலிருக்கும் ஒருவர் கணினியில் இருக்கட்டும்.

தேதிகளைப் பதிவேட்டில் பிடிப்பது

பத்து நாள் கழிந்ததும் தேதி வேலையைத் தொடங்கலாம். 1960-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பிறந்தநாள் உண்டு: பெற்ற நாள் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட நாள் ஒன்று. ஆதார் அட்டையில் இருப்பது இரண்டாவது. பிறந்த தேதி மே, ஜூன் மாதமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உண்மைக்கு நெருங்கியது ஞானஸ்நானப் பதிவேடும், வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்தாளில் தாத்தா மையால் எழுதிவைத்த வரியும்.

பதிவேடு சேகர அலுவலகத்தில் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த ஊர் எந்தச் சேகரத்தில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். இப்போது தனிச் சேகரமாக இருக்கிற ஊர் 1950-களில் பக்கத்து ஊரின் கிளைச் சபையாக இருந்திருக்கும். அப்படியானால் பதிவு தாய்ச் சேகரத்தில்தான். எழுத்து மூலமாக ஒரு விண்ணப்பம், பெயர், பெற்றோர் பெயர், உத்தேசமான வருஷத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷம். இவ்வளவு கொடுத்தால் தேடுகிறவருக்கு வேலை சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போய்க் கேட்காதீர்கள், வாரநாளில் போங்கள்.

இங்கே மூன்று வருஷங்களை நினைவில் வைத்தால் பிழை வராது. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 1947 செப்டம்பர் 27-ல். ஆகவே "1941-ல் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்" என்று எழுதினால் தவறு, அப்போது அது ஆங்கிலிக்கன் திருச்சபை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து பிரிந்தது 2003-ல். நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ பிறந்த அத்தையின் பழைய சான்றிதழில் "திருநெல்வேலித் திருமண்டலம்" என்று இருந்தால், அதைத் 'திருத்தி' எழுதவேண்டாம். அன்றைக்கு அதுதான் சரி.

தேதிகளோடு சேர்த்து அவருடைய வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒரு மத்தியானம் முழுக்க ஏடு ஏடாகப் புரட்டுங்கள். வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் உள்ளே செருகியிருக்கும். அடிக்கோடு போட்ட வசனத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாமாலையில் எந்தப் பக்கத்தின் கீழ்மூலை எண்ணெய்க் கறையோடு மடங்கிக் கிடக்கிறதோ, அது அவர் அடிக்கடி பாடியது. நினைவு ஆராதனைக்குப் பாட்டைத் தெரிந்தெடுக்க வேறு சாட்சி தேவையில்லை.

வீடு வீடாகப் போவது

பன்னிரண்டு முதல் பதினைந்து வீடு. அதற்கு மேல் போனால் சொன்னதையே திரும்பக் கேட்பீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர், பாடகர் குழுவில் ஒருவர், ஓய்வுநாள் பள்ளியில் அவரிடம் படித்து இப்போது பிள்ளை பெற்றவர்கள் இரண்டு பேர், அடுத்த வீடு, எதிர் வீடு. இவர்கள் எல்லாருக்கும் தோன்றுவார்கள். தோன்றாதவர்கள்தான் முக்கியம்: மணியடிக்கிற கோயில்குட்டியார், பால்காரர், மீன்காரம்மா, பீடி சுற்றுகிற பெண்கள், சந்தைக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர், தீபாவளிக்கும் நோன்புக்கும் பலகாரம் மாற்றிக்கொண்ட இந்து, முஸ்லிம் வீடுகள். சபைக்குள் இருப்பவர்கள் ஜெபத்தையும் காணிக்கையையும் சொல்வார்கள். வெளியே இருப்பவர்கள்தான் ஆளைச் சொல்வார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். அரைமணி நேரம் போதும். ஒலிப்பதிவு செய்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் போனைக் கண்டதும் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள், அவர்களிடம் அதை மூடிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் அவர்கள் சொன்ன சொல் போய், உங்கள் சொல் வந்து உட்கார்ந்துவிடும்.

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்தது. இப்படிக் கேளுங்கள்: உங்க வீட்டுக்கு வந்தா எங்க உட்காருவாங்க? கையில என்ன கொண்டு வருவாங்க? வாசல்ல நின்னு எப்படிக் கூப்பிடுவாங்க? யார்கூட கோபமா இருந்தாங்க, எப்படிச் சரியாச்சு? உங்க வீட்டுத் துக்கத்துக்கு வந்தப்ப முதல்ல என்ன வேலையக் கையில எடுத்தாங்க? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். துக்க வீட்டில் சிலர் அழுவார்கள், சிலர் ஜெபிப்பார்கள். சிலர் நேரே அடுப்படிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காப்பி போடுவார்கள். ஆள் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாரோடும் பழகியவர் பல வீட்டு ரகசியங்களுக்குக் காவல்காரராகவும் இருந்திருப்பார். யாருடைய நகையை மீட்கப் பணம் கொடுத்தார், எந்த வீட்டுக் கல்யாணம் நிற்க இருந்ததை நடத்திவைத்தார் என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். உதவி வாங்கியவரின் பெயரோ அடையாளமோ அச்சில் வரக்கூடாது. அவரே முன்வந்து "போடுங்க" என்று சொன்னாலும், வீட்டில் மற்றவர்களைக் கேட்டுச் சொல்லச் சொல்லி ஒரு வாரம் பொறுங்கள். சேகரக் கமிட்டித் தேர்தலில் யார் பக்கம் நின்றார் என்பதும் வேண்டாம். அந்தச் சண்டை அவரோடு முடியவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எழுதுவது

ஒரு விதி போதும்: குணத்தைச் சொல்லும் சொல் வந்த இடத்திலெல்லாம், அதை அடித்துவிட்டு அவர் கை செய்த காரியத்தை வையுங்கள்.

"விருந்தோம்பலில் சிறந்தவர்" என்று இருந்தால், இப்படி மாற்றலாம்: "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் 22 தூக்குவாளி வரிசையாக இருக்கும். அடியில் முந்திரிக்கொத்து, மேலே அச்சுமுறுக்கு, உடையாமலிருக்க நடுவில் ஒரு துண்டு வாழையிலை. மூடியில் பெயர் எழுதமாட்டார். எந்த வாளி எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும்."

"ஜெபக்கூட்டங்களில் தவறாமல் கலந்துகொண்டார்" என்பதற்குப் பதில்: "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அந்த வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் போவார். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். 'காய்ச்சலாம்லா?' என்று காரணத்தையும் அவரே கொடுத்துவிடுவார்."

பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். "வந்தியளா, இருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பதை "வாருங்கள், காப்பி அருந்திச் செல்லுங்கள்" என்று எழுதினால் அங்கே பேசுவது வேறு யாரோ.

ஒரு குறையையும் வையுங்கள், சின்னதாக. ஆராதனை நடுவில் பின்பெஞ்சுக்காரரோடு சைகையில் பேசியது, "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் முக்கால்மணி நேரம் நின்றது, யாருக்கும் வாய்ப்புக் கொடுக்காமல் பேசியது. சபையார் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில்தான் ஆள் எழுந்து வருவார். நோயைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எண்பது வருஷம் நடமாடியவரின் சரித்திரத்தில் கடைசி மூன்று வாரம் பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

வசனத்தில் "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்பது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஊழியத்தில் பாடுபட்டவருக்கு அது பொருந்தும். அத்தைக்கு ரோமர் 12:15 இன்னும் கிட்ட வரும்: "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்." அவருடைய வேதாகமத்தில் அடிக்கோடு போட்ட வசனம் இருந்தால் அதுவே முந்தும்.

நினைவு ஸ்தோத்திர ஆராதனை

ஒன்றேகால் மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். மூன்று பாட்டு, வேதவாசிப்பு, ஜீவிய சரித்திரம் ஏழு நிமிஷம், மூன்று பேர் ஆளுக்கு மூன்று நிமிஷம், செய்தி, ஜெபம். இதில் உடைவது சாட்சிப் பகுதிதான். எல்லாருக்கும் வேண்டியவராக இருந்தவருக்காக எல்லாருமே "ரெண்டே வார்த்தை" பேச எழுந்திருப்பார்கள், ஒவ்வொரு ரெண்டு வார்த்தையும் பத்து நிமிஷம். குடும்பத்தில் ஒருவர், சபையில் ஒருவர், அக்கம்பக்கத்தில் ஒருவர் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, பெயரை ஆராதனைத் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். மற்றவர்களுக்காக வாசலில் நாலுக்கு ஆறு அங்குல அட்டைகளும் பத்துப் பேனாவும் வையுங்கள். அட்டையில் ஒரே கேள்வி: "இவர் உங்கள் வீட்டில் உட்காரும் இடம் எது?" வெறும் அட்டை வைத்தால் "ஆத்துமா சாந்தியடைய" என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

பாட்டு எண்ணோடு முதல் வரியையும் எழுதுங்கள், பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். ஆர்கன் வாசிப்பவரிடம் முந்தின நாளே சொல்லி, சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அழுகிற தொண்டை மேலே ஏறாது.

நினைவு மலர்

முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு சிறு புத்தகமாக மலர் அச்சிடுவது நல்ல கால அளவு. பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும்: 16, 24, 32. நடுவில் பின் அடிப்பதற்கு இந்த அளவு சரி. படங்கள் நிறைய இருந்தால் உள்தாள் 130 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) ஆர்ட் பேப்பர், எழுத்தே அதிகமென்றால் 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அது சுருங்கி வந்தது, அச்சில் முகம் மாவாகக் குழையும். பழைய படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், அப்படியே நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். இப்படிப்பட்டவர்கள் தனியாக நின்ற படமே அபூர்வம், எப்போதும் பத்துப் பேர் நடுவில்தான் இருப்பார்கள். அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுக் கூட்டத்தையும் போட்டு, "இடமிருந்து வலமாக" எல்லார் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சில அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருதான். நீங்கள் யூனிகோடில் கொடுத்ததை மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, கொம்புகள் இடம் மாறும். ஆகவே மெய்ப்பை (பிழை பார்க்கும் பிரதியை) தாளில் எடுத்து, மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் பெயர்கள், ஒருவர் தேதிகள், ஒருவர் வேதாகமத்தைத் திறந்துவைத்து வசனங்கள். ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தால் கதையில் மூழ்கி ன-ண-வைக் கோட்டைவிடுவார். பிரதிகளை ஆள் கணக்கில் அல்ல, வீட்டுக் கணக்கில் எண்ணி, மேலே 50 சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லும் பெஞ்சும்

கல்லறை கட்ட அவசரப்படாதீர்கள். சேகரத்தில் அனுமதி கேளுங்கள், இடம் குறைந்த கல்லறைத் தோட்டங்களில் நிரந்தரக் கல்லறைக்கு விடமாட்டார்கள். அனுமதி கிடைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று கடந்து மண் அமரட்டும். தேரி எனும் செம்மணல் மேட்டுப் பக்கத்து மணல் உள்ளே சரியும், கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். இரண்டிலுமே முந்திக் கட்டினால் கல் ஒரு பக்கம் சாயும். இரண்டுக்கு ஒன்றரை அடிக் கருங்கல்லில் முக்கால் அங்குல எழுத்தில் 30 வார்த்தைக்கு மேல் நெருக்காதீர்கள். செதுக்குமுன் எழுத்தை வரைந்து காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். செதுக்கிய பிழைக்கு அழிப்பான் கிடையாது. டோனாவூரில் 1951-ல் அடக்கம்பண்ணப்பட்ட மிஷனரி ஏமி கார்மைக்கேல் தமக்குக் கல்லே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

நினைவாகக் கோயிலுக்கு ஏதாவது வாங்கிக்கொடுக்க எல்லாருக்கும் தோன்றும். மின்விசிறியின் இறக்கையில் பெயர் எழுதுவது நம் பக்கத்து வழக்கம், விசிறி ஓடும்போது யாரும் வாசிக்க முடியாது. ஆராதனை முடிந்து கோயில் வாசலிலிருந்து வெளிக்கேட்டுக்குப் போக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவருக்கு, அந்த வழியில் வேப்பமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு பொருத்தம். உயரம் 17 அங்குலம் இருக்கட்டும், அதற்குக் கீழே போனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு எழுந்திருக்க முடியாது. நீளம் ஐந்தடி, மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். சாய்மானமும் வேண்டும். மரத்தின் தூரிலிருந்து நாலடியாவது தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் வேர் தூக்கிவிடும். முகம் ஆலயத்தைப் பார்த்து இருக்கவேண்டாம். வருகிற போகிறவர்களைப் பார்க்கும்படி வெளிக்கேட்டுப் பக்கம் திருப்பிப் போடுங்கள்.